நாச்சிமுத்து தேற்றம்

கரூரில் பஸ் பாடி கட்டும் கோகுலகண்ணன், தன் மகனை ஏற்காட்டுக் கோடைக் கணித முகாமில் சேர்க்க வந்தபோது கையோடு ஒரு பெரிய புகைப்படத்தையும் கொண்டுவந்திருந்தார். காலஞ்சென்ற அவருடைய தந்தை நாச்சிமுத்துவின் படம். சட்டத்தைச் சுற்றிச் சந்தனமாலை.

"தேற்றம் அப்பா பேர்ல வரணுமுங்க," என்றார். "பையன் பேரு தர்ஷித். கூப்புடறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா தேற்றம்னா ஒரு கனம் வேணுமில்லீங்களா?"

முகாம் இயக்குநர் ஜெயசீலன் படத்தைப் பயபக்தியோடு வாங்கி மேஜையில் சாய்த்து வைத்தார். "தாராளமா வெச்சிரலாம் சார். எந்தப் பிரிவுல வேணும்?"

"எங்க பங்காளி பையனுக்குப் போன வருசம் ஜியாமெட்ரில குடுத்தீங்க. படம் போட்டு வீட்டு ஹால்ல மாட்டியிருக்கறாங்க. நமக்கு அதைவிட ஒரு சுத்துப் பெருசா இருந்தா தேவலை."

"அப்ப நம்பர் தியரி பண்ணிடலாம். இப்ப அதுதான் நல்லா ஓடுது."

பக்கத்து நாற்காலியில் முகாம் ஆசிரியை சுபத்ரா சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது நாற்பத்தொன்று. எண் கோட்பாட்டில் முனைவர் பட்டம் வாங்கியவள். அவள் பட்டம் வாங்கிய அதே வருடம்தான் மேதா என்ற இயந்திரம் வந்து, அவள் வாழ்நாள் முழுக்க நிரூபிக்க ஆசைப்பட்டிருந்த எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் நிரூபித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனது. உலகத்தில் கணிதம் படித்தவர்களுக்கு அதன் பிறகு வேலையில்லை. ஆனால் தங்கள் பிள்ளைகள் கணித மேதைகளாக வேண்டும் என்ற பெற்றோரின் ஆசை மட்டும் குறையவில்லை. கல்லூரிகள் மதிப்பெண்ணை நம்புவதை விட்டுவிட்டு, "சொந்தமாக என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேட்க ஆரம்பித்திருந்தன. கல்யாணத் தரகர்களும் அதையே கேட்டார்கள்.

இந்த இடத்தில்தான் ஜெயசீலனுக்கு மூளை வேலை செய்தது. மேதா நிரூபித்தவற்றில் பெரும்பாலானவை வெளியுலகம் பார்க்காதவை. அவற்றில் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடியவற்றை மொத்தமாக உரிமம் வாங்கி வைத்துக்கொண்டார். முகாமில் அதற்குச் 'சரக்கு' என்று பெயர். சேர்க்கையின்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தேற்றம் ஒதுக்கப்படும். கோடை முடிவதற்குள் அந்தப் பிள்ளை அதைத் தானாகவே கண்டுபிடித்துவிடும்.

பெற்றோருக்கு எல்லாம் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. ஏனென்றால் நேர்முகத் தேர்வுகளில் பொய் சொன்னால் காட்டிக்கொடுக்கும் கருவிகளை வைத்திருந்தார்கள். நம்பிச் சொல்கிற பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி இன்னும் வரவில்லை.

அந்த நம்பிக்கையை உண்டாக்குவதுதான் சுபத்ராவின் வேலை. காதுக்குள் பட்டாணி அளவில் ஒரு கருவி. பிள்ளைகள் பலகையில் எழுதுவதையெல்லாம் மேதா பார்த்துக்கொண்டிருக்கும். யார் எங்கே சிக்கி நிற்கிறார்கள், எந்தக் கேள்வியைப் போட்டால் நகர்வார்கள் என்று அவள் காதில் சொல்லும். அதை அவள் அப்போதுதான் தோன்றியதுபோலக் கேட்க வேண்டும். பிள்ளை பதில் தேடி அவள் முகத்தைப் பார்த்தால், சற்று யோசித்துவிட்டு, "தெரியலையே, நீயே பாரேன்," என்று சொல்ல வேண்டும். தெரியாத மாதிரி நடிக்க ஒரு முனைவர் பட்டம் தேவைப்பட்டது. இதில் சுபத்ராவை மிஞ்ச ஆளில்லை என்று ஜெயசீலன் எல்லோரிடமும் சொல்வார்.

தர்ஷித் நல்ல பையன். நகம் கடிப்பான். மற்றபடி சொன்னதைக் கேட்பான், கேட்டதை யோசிப்பான். அவனுக்கு ஒதுக்கப்பட்டது வட்டமாக வைத்த பொருட்களைப் பற்றிய ஒரு தேற்றம். முதல் வாரத்தில் கணக்குகளின் ஓரத்தில் அதன் வாலை மட்டும் காட்டினார்கள். இரண்டாம் வாரத்தில் அவனே அதைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான். மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை அவன் அதைக் கண்டுபிடிப்பதாக ஏற்பாடு.

அந்த வாரத் திங்கட்கிழமை காலை, சாப்பாட்டுக்கூடத்தின் ஒரு மூலையில் அமுதவாணி எவர்சில்வர் டம்ளர்களை வட்டமாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஆத்தூர் பக்கத்து அரசுப் பள்ளி மாணவி. அப்பா மாரப்பன் ஜவ்வரிசி ஆலையில் லாரி ஓட்டுகிறார். அரசாங்க விதிப்படி முகாமில் சில இடங்களை இலவசமாகத் தர வேண்டும், அப்படி வந்தவள். இலவச இடத்துக்குச் சாப்பாடு உண்டு, பனியன் உண்டு, பங்கேற்புச் சான்றிதழ் உண்டு. தேற்றம் கிடையாது.

"என்ன பண்றே?" என்று சுபத்ரா கேட்டாள்.

"சும்மா மிஸ். ஒரு டம்ளர் நிமிந்திருந்தா அதுக்கு அடுத்த டம்ளரைத் திருப்பி வெக்கணும். கவுந்திருந்தா ஒன்னும் பண்ணாமத் தாண்டிப் போயிரணும். இப்படியே சுத்தி வந்துக்கிட்டே இருந்தா, மொதல்ல எப்படி வெச்சனோ அப்படியே வந்து நின்னுருது."

"எப்பவுமா?"

"எப்பவும்தான் மிஸ். முன்னால போன மாதிரியே பின்னாலயும் போலாமில்ல? அப்ப ரெண்டு வேற வேற வரிசை எங்கயும் ஒன்னா சேர முடியாது. சேரலைன்னா சுத்தித்தானே ஆவணும்?" அவள் அதை ஒரு பெரிய விஷயமாக நினைக்கவில்லை. "அது கெடக்குது மிஸ். எத்தனை சுத்துல திரும்புதுங்கறதுலதான் கூத்தே இருக்குது. இங்க பாருங்க..."

அவள் டம்ளர்களைக் கூட்டியும் குறைத்தும் காட்டிக்கொண்டே போனாள். ஆறு டம்ளரில் தெரிந்ததை வைத்து ஏழுக்குப் போனாள். ஏழை வைத்து எட்டுக்குப் போனாள். சுபத்ரா குனிந்து டம்ளர்களைக் கவனித்தாள். காதுக்குள் மேதா எப்போதும்போல நிதானமாகச் சொன்னது: "இது தர்ஷித்துக்கு ஒதுக்கப்பட்டது."

"உனக்கு இதை யார் சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல மிஸ்," என்றாள் அமுதவாணி. "இட்லி வர லேட்டாச்சு."

ஜெயசீலன் விஷயத்தைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஃப்ரீ சீட்டுக்கு யாரும்மா குறிப்புக் குடுத்தது?"

"யாரும் குடுக்கல சார்."

"யாரும் குடுக்காம எப்படி ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. பன்னிரண்டு வருடமாகக் கண்டுபிடிப்புத் தொழிலில் இருப்பவர். தானாக நடந்த ஒரு கண்டுபிடிப்பை அவர் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணைப் பேப்பர் மடிக்கிற வகுப்புக்கு மாத்திடுங்க," என்றார். "டம்ளரையும் மாத்தி பேப்பர் கப் வெச்சுடச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை தாண்டட்டும்."

சுபத்ரா மாற்றினாள். அமுதவாணி மறுபேச்சில்லாமல் போய்க் காகிதத்தில் தவளை மடித்தாள்.

வெள்ளிக்கிழமை எல்லாம் ஏற்பாட்டின்படியே நடந்தது. மேதா சொல்லச் சொல்ல சுபத்ரா கேட்டாள். "ஏழை ஏன் விட்டுட்டே?" பத்து நிமிடம் கழித்து, "ஒன்னை எடுத்துட்டா என்ன ஆகும்?" தர்ஷித் நகத்தைக் கடித்தான், அழித்தான், எழுதினான். திடீரென்று அவன் கை நின்றது. பிறகு பலகையை அப்படியே போட்டுவிட்டு நாற்காலி கவிழ எழுந்தான். "மிஸ்! எல்லாத்துக்கும் வருது மிஸ்! எத்தனை இருந்தாலும் வருது!" அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் எந்தப் போலியும் இல்லை. 

யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று அவன் வராந்தாவில் ஓடினான். அடுத்த வகுப்பறையில் தவளைகளுக்கு நடுவே அமுதவாணி இருந்தாள். அவளிடமே மூச்சு வாங்கச் சொன்னான். பின்னாலேயே ஓடிவந்த சுபத்ராவால் தடுக்க முடியவில்லை.

அமுதவாணியின் முகம் மலர்ந்தது. "ஐ, நீயும் பாத்தியா? நான் திங்கக்கெழமையே பாத்தேன். யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். எனக்கு ஏழுலதான் மாட்டிக்கிச்சு. ஒன்னை எடுத்துப் பாக்கணும்னு தோணவே ரொம்ப நேரமாச்சு. உனக்கு எங்க மாட்டுச்சு?"

தர்ஷித் யோசித்தான். "எனக்கு எங்கேயும் மாட்டலையே."

"எங்கயுமா?"

"மாட்டுறப்ப எல்லாம் மிஸ் வந்து ஏதாவது கேப்பாங்க." சொல்லி முடிப்பதற்குள் அவன் குரல் மெலிந்துவிட்டது. மெல்லத் திரும்பினான். "மிஸ், ஒன்னை எடுத்துட்டா என்ன ஆகும்னு கேட்டீங்களே. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

சுபத்ரா சற்று யோசிப்பவள் போல நின்றாள். வேண்டுமென்று செய்யவில்லை, பழகிப்போன உடம்பு தானாகவே செய்தது. "தெரியலையே..." என்று வாய் ஆரம்பித்தது.

அந்தப் பையன் அந்த முகத்தை மூன்று வாரமாகப் பார்த்திருக்கிறான். இப்போதுதான் அது என்ன முகம் என்று அவனுக்கு விளங்கியது. வேறெதுவும் கேட்காமல் விடுதிக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் அவன் யாரோடும் பேசவில்லை. அதுவரை சரியாகப் போட்ட கணக்குகளையெல்லாம், ஒன்றாம் வகுப்புக் கணக்குகள் உட்பட, ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து யார் போட்டது என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான் என்று பிறகு அமுதவாணியிடம் சொன்னானாம்.

ஞாயிற்றுக்கிழமை நிறைவு விழா. மேடையின் பின்னால் நாச்சிமுத்துவின் படம் ஆளுயரத்துக்கு அச்சாகித் தொங்கியது. கரூரிலிருந்து இரண்டு பஸ் நிறையச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். இரண்டும் சொந்தக் கம்பெனியில் பாடி கட்டிய பஸ். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு நிருபரும் வந்திருந்தார். தர்ஷித் ஒலிபெருக்கியின் முன்னால் நின்றான்.

"இதை மொதல்ல கண்டுபிடிச்சது அமுதவாணி. நான் கண்டுபிடிக்கல. என்னைக் கண்டுபிடிக்க வெச்சாங்க."

அரங்கம் கைதட்டியது. "பெரிய குடும்பத்துப் புள்ளை, எவ்வளவு அடக்கம் பாருங்க," என்று ஒரு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் நிருபர் கைதட்டவில்லை. அவர் கூட்டத்தில் அமுதவாணி யார் என்று தேடிக் கண்டுபிடித்து, அவளையும் படமெடுத்து, மேடையில் பேசியதையும் சேர்த்து அனுப்பிவிட்டார். தேநீர் வருவதற்குள் செய்தி தமிழ்நாடு முழுக்கப் போய்விட்டது.

ஜெயசீலன் தொழில் தெரிந்தவர். உடனே மேடையேறி, இது இருவரின் கூட்டுக் கண்டுபிடிப்பு என்றும், இத்தகைய கூட்டுறவுதான் முகாமின் லட்சியம் என்றும் அறிவித்தார். அந்தப் பக்கம் தாத்தா பெயர் இருப்பதால் இந்தப் பக்கமும் பெரியவர் பெயர் இருப்பதுதான் மரியாதை என்று, அங்கேயே 'நாச்சிமுத்து-மாரப்பன் தேற்றம்' என்று பெயரும் சூட்டினார். டம்ளரைத் தொட்டிராத இரண்டு ஆண்களின் பெயர்கள் திரையில் பெரிய எழுத்தில் ஒளிர்ந்தன.

அரை மணி நேரத்தில் கோகுலகண்ணனுக்கு அவருடைய சாதிச் சங்கத்திலிருந்து போன் வந்தது.

இயக்குநர் அறையில் எல்லோரும் கூடினார்கள். கோகுலகண்ணன் நாற்காலியில். மகளைப் பார்க்க ஆத்தூரிலிருந்து வந்திருந்த மாரப்பன், உட்காரச் சொல்லியும் உட்காராமல் சுவரோரம். அவர் பக்கத்தில் அமுதவாணி. தர்ஷித் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி. மேஜையில் ஸ்பீக்கரில் போட்ட போனில் சங்கச் செயலாளர்.

"எனக்கு ஒன்னும் இல்லீங்க," என்றார் கோகுலகண்ணன். "நான் அதெல்லாம் பாக்கற ஆளே இல்ல. எங்க கம்பெனில எல்லாருந்தான் வேலை செய்யறாங்க. ஊர்ல பேசுவாங்க, அதுக்குத்தான் பாக்கறது."

"நடுவுல கோடு போட்டிருக்கறாங்க," என்றது போன். "ரெண்டு பேரையும் கோடு போட்டுச் சேத்தா என்ன அர்த்தம்? சம்பந்தி மாதிரி இருக்குதே. நாளைக்குப் பாடப்புத்தகத்துல வந்தா எங்க பசங்க அதைப் படிக்கோணுமா?"

"கோட்டை எடுத்துட்டு 'மற்றும்' போட்டுக்கலாம்," என்றார் ஜெயசீலன்.

"அப்பவும் ஒரே வரியில்ல வருது?"

"மேலே ஒரு பேர், கீழே ஒரு பேர்?"

"மேல யாருங்க?" என்று கோகுலகண்ணன் ஆவலோடு நிமிர்ந்தார். பிறகு நிருபரின் ஞாபகம் வந்து அவரே வேண்டாம் என்று கையசைத்தார்.

மாரப்பன் முதல்முறையாகப் பேசினார். "சார், எங்களுக்குப் பேரெல்லாம் வேண்டாமுங்க. எம் பேர எடுத்துருங்க. புள்ள தெனமும் அவங்க ஆளுங்க தெரு வழியாத்தான் போயி பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போவணும். சேதி வந்ததுல இருந்து தெரியாத நம்பர்ல இருந்தெல்லாம் போன் வருதுங்க."  மகள் பக்கம் திரும்பி, "நீயே சொல்லிடு சாமி, வேண்டாம்னு," என்றார்.

அமுதவாணி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பயம் அவளுக்கும் இருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "உம் பேரு வேண்டாம்னா எடுத்துரட்டும்ப்பா. ஆனா நான் பாக்கலைன்னு சொல்ல மாட்டேன். பாத்தேனில்ல?"

 ஜெயசீலன் மேஜைமேல் இருந்த மேதாவின் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பினார்.

"இந்தத் தேற்றத்தை ரெண்டாப் பிரிக்க முடியுமா?"

"எதன் அடிப்படையில்?" என்றது மேதா.

"எதையாவது வெச்சு. பாதிப் பாதியா."

"டம்ளர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரிக்கலாம். ஆனால் அப்படிப் பிரிப்பதற்குக் கணிதத்தில் எந்தக் காரணமும் இல்லை."

"காரணம் எங்ககிட்ட இருக்கு," என்றார் ஜெயசீலன்.

அறையில் இருந்த இறுக்கம் சட்டென்று தளர்ந்தது. போன்கூடக் கொஞ்சம் சிரித்தது. எண்களை இரண்டு தெருவாகப் பிரித்துவிட்டால் யாருக்கும் யாரோடும் உரசல் இல்லை. முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை கோகுலகண்ணனுக்குத் தரப்பட்டது. அவர் ஒற்றைப்படையை எடுத்துக்கொண்டார். "மொய்யே ஒத்தைப்படையிலதானுங்க வெக்கறோம். மங்களகரமா இருக்கட்டும்." பிறகு சந்தேகம் வந்து, "இந்தப் பூஜ்யம் எந்தப் பக்கமுங்க வருது?" என்றார்.

"இரட்டைப்படைப் பக்கம்."

"நல்லதாப் போச்சு. அதை அவங்களே வெச்சுக்கட்டும்."

இரட்டைப்படைத் தேற்றத்துக்கு மாரப்பனின் பெயரை நீக்கிவிட்டு 'அமுதவாணி தேற்றம்' என்று வைப்பதென்று முடிவாயிற்று. பெண்பிள்ளை பெயர், தனியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று போன் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டது. மாரப்பன் அப்போதும் உட்காரவில்லை. எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, லாரியை ஆலையில் விட வேண்டும், மகளை மறுநாள் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிக் கிளம்பினார். கோகுலகண்ணன் புதுப் பெயர்ப்பலகைக்கு எழுத்து எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று இயக்குநரோடு பேச ஆரம்பித்தார்.

சுபத்ரா வெளியே வந்து பிள்ளைகளைத் தேடினாள். இரண்டு பேரும் சாப்பாட்டுக்கூடத்தில் இருந்தார்கள். எவர்சில்வர் டம்ளர்கள் திரும்ப வந்திருந்தன. தர்ஷித் தன் முன்னால் ஏழு வைத்திருந்தான், அமுதவாணி ஆறு.

"உன்னுதை நான் தொடக்கூடாது, பாத்துக்க," என்று அமுதவாணி சிரித்தாள்.

"உன்னுதைத் தொடாம நான் எப்படி ஏழுக்கு வர்றது? ஆறு உன்கிட்ட இல்ல இருக்கு?" என்றான் தர்ஷித். மூன்று நாளில் முதல்முறையாக அவனும் சிரித்தான். "உனக்கும் அப்படித்தான். எட்டு வேணும்னா ஏழுக்கு என்கிட்டத்தான் வரணும்."

"வர மாட்டேனே. ஆறுல இருந்து எட்டுக்கு ஒரே தாவாத் தாவுவேன்."

"முடியாது."

"ஏன் முடியாது? நீ மூணுல இருந்து அஞ்சுக்குத் தாவிப் பாரேன்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அமுதவாணி ஆறு டம்ளரை விட்டுவிட்டு அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒற்றைப்படைகளை மட்டும் தனியே எடுத்து அடுக்கும்போது, இரட்டைப்படைகள் நடுவில் இருந்தவரை கண்ணில் படாத வேறொன்று தெரிந்தது. ஐந்திலும் இருந்தது. ஏழிலும் இருந்தது. ஒன்பதில் இல்லை. பதினொன்றில் மறுபடியும் இருந்தது.

"ஒம்பதுல ஏன் வரமாட்டேங்குது?" என்றான் தர்ஷித். தலையைத் தூக்கி சுபத்ராவின் முகத்தை உற்றுப் பார்த்தான். அது எந்த முகம் என்று சோதிக்கிற பார்வை. "மிஸ், உங்களுக்குத் தெரியும்தானே?"

சுபத்ராவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஆனால் அவள் சொன்னால் அவன் எப்படி நம்புவான்? சற்றுத் தள்ளிப் போய், காதுக்கருவியில் விரலை வைத்து மெல்லக் கேட்டாள். மேதா வழக்கமாக அவள் கேட்டு முடிப்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடும். இப்போது காதுக்குள் ஓசையே இல்லை. கருவி கெட்டுப்போய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது," என்றது மேதா. "இதை இப்படித் தனியாகப் பிரித்து யாரும் கேட்டதில்லை. இப்படிப் பிரிக்க எனக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை. இதை நிலுவையிலுள்ள வினாவாக இயக்குநருக்குத் தெரிவிக்கட்டுமா?"

"வேண்டாம்."

"முகாமில் எழும் புதிய வினாக்கள் முகாமுக்குச் சொந்தம்."

"இது முகாம்ல எழல," என்றாள் சுபத்ரா. "முகாம் மத்தியானமே முடிஞ்சுபோச்சு. நிறைவு விழா நடந்தாச்சு."

மேதா அதைச் சரிபார்த்தது. "சரி," என்றது.

அவள் கருவியைக் காதிலிருந்து பிடுங்கிக் கைப்பையின் அடியில் போட்டாள். பத்து வருடத்தில் காது அவ்வளவு வெறுமையாக இருந்ததில்லை. திரும்பி வந்து, "மேதாவுக்கும் தெரியாதாம்," என்றாள். தர்ஷித் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து டம்ளர்களை எண்ண ஆரம்பித்தான். நம்பினானா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அமுதவாணி எதையும் கவனிக்கவில்லை. ஒன்பதாவது டம்ளரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஜெயசீலனின் தலை தெரிந்தது. முகமெல்லாம் நிம்மதி.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது சுபத்ரா. ஒன்னு தோணுச்சு பாருங்க. ஒரு தேற்றத்தை இப்படி ரெண்டாப் பிரிச்சா ஒரே சரக்கை ரெண்டு குடும்பத்துக்குக் குடுக்கலாமே! மூணால வகுபடறது, வகுபடாததுன்னு இன்னும்கூடப் பிரிக்கலாம். இவ்வளவு நாளா நமக்குத் தோணவே இல்லை." அவர் பார்வை மேஜைமேல் பரப்பியிருந்த டம்ளர்களின் மேல் போனது. நெற்றி சுருங்கியது. "அங்கே என்ன பண்ணிட்டிருக்காங்க? புதுசா எதுவும் இல்லையே?"

"பாத்திரம் கழுவறவங்களுக்கு எடுத்து அடுக்கிக் குடுக்கறாங்க சார்."

"நல்ல பிள்ளைங்க," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

சுபத்ரா ஒரு பெஞ்சை இழுத்து, அவர்கள் இருவருக்கும் நடுவே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெண்ணைப்போல அவளும் முழங்கையை மேஜையில் ஊன்றி, அந்த ஒன்பது டம்ளர்களையும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.